தட்டின் உள்ளே வெட்டிய பெயர்

லூர்தம்மாள் பிஸ்கட் இடித்த வேகத்தில், கீழே குடியிருந்த சம்சுன்னிசா மாடிப்படியில் பாதி ஏறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, பிஸ்கட்டுதானே இடிக்கிறீங்க? ஆளையில்லையே?"

"ஆளைத்தான் இடிக்கணும். கைக்கு எட்டல," என்றாள் லூர்தம்மாள்.

கைக்கு எட்டாத அந்த ஆள் ஊரின் மறுகோடியில், பாசிர் பாஞ்சாங்கில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தாள். பெயர் பிலோமினா. லூர்தம்மாளின் புருஷன் இன்னாசிக்கு அண்ணி. துறைமுகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்த அந்தோனிப்பிள்ளையின் மனைவி என்பதால், தானும் பாதித் துறைமுகத்தை ஆள்வதாக அவளுக்கு ஒரு நினைப்பு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொந்தபந்தமெல்லாம் அவள் வீட்டில்தான் கூடும். வருகிறவர்கள் ஆளுக்கொரு பண்டம் செய்துகொண்டு போக வேண்டும். பிலோமினா வாசலிலேயே கை நீட்டி வாங்கிக்கொள்வாள். அது அடுப்படிக்குள் போய், அவளுடைய பூப்போட்ட பீங்கான் தட்டுக்கு மாறி வெளியே வரும்போது, அவளே செய்த பண்டமாகியிருக்கும்.

போன வருஷம் லூர்தம்மாளின் அச்சுமுறுக்கு அப்படித்தான் போயிற்று. அதற்கு முந்தின வருஷம் கோழிப் பிரட்டல். "கை மணம் யாருக்கு வரும்?" என்று பாராட்டு வாங்கிக்கொண்டு பிலோமினா சிரித்த சிரிப்பை லூர்தம்மாள் இன்னும் மறக்கவில்லை. காலிப் பாத்திரம் மட்டும் பளிச்சென்று கழுவி, பெயர் பார்த்து, மாறாமல் திரும்பி வந்துவிடும். பாத்திரத்தில்தான் பெயர் வெட்டியிருக்கிறதே! பண்டத்தில் யார் வெட்டுவது?

அதையெல்லாம்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இந்த 1958 கிறிஸ்துமஸுக்கு வந்த சேதிதான் பொறுக்கும்படியாக இல்லை.

லூர்தம்மாள் கல்யாணத்துக்கு முன் தங்ளின் பக்கம் ஓர் அமெரிக்கத் துரைசானியின் பங்களாவில் சமையலுக்கு இருந்தவள். அடியில் பிஸ்கட் தூளை அழுத்திச் செய்கிற சீஸ் பை என்ற இனிப்பைக் கற்றுக்கொண்டது அங்கேதான். துரைசானி டின் சீஸில் செய்தாள். லூர்தம்மாளோ பால்காரரின் எருமைப்பாலைத் தோய்த்து, தயிரை வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அந்தக் கட்டித் தயிரில் செய்து காட்டினாள். துரைசானி ஒரு வாய் தின்றுவிட்டு, இனி டின்னே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். துரைசானி கப்பலேறிப் போனபின் அந்த வித்தைக்கு வேலையில்லாமல் போயிற்று.

இப்போது வேலை வந்திருந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வகுப்புக்கு உதவியாள் வேண்டுமாம். சர்டிபிகேட் தேவையில்லை, கைக்குத் தொழில் தெரிந்தால் போதும் என்று அந்த வகுப்பை நடத்தும் மிஸ் டொய்ல் சொன்னதாகக் கோயிலில் பேச்சு. லூர்தம்மாள் சந்தோஷத்தில் அதைப் பிலோமினாவிடம் போய்ச் சொன்னாள். சொன்ன வாயைத்தான் முதலில் உரலில் போட்டு இடிக்க வேண்டும். மூன்றே நாளில் பிலோமினா அந்த மிஸ் டொய்லைத் தேடிப் பிடித்துக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்துவிட்டாள். இன்னாசியிடம் சேதியும் சொல்லியனுப்பினாள்.

"அண்ணி உன்னோட சீஸ் பையச் செஞ்சு எடுத்துட்டு வரச் சொன்னாங்க," என்றான் இன்னாசி, சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"செய்றேன். மிஸ்ஸு சாப்பிட்டுப் பார்க்கட்டும்."

"அது வந்து... ஸ்டெல்லா செஞ்சதுன்னு சொல்லிக்குவாங்களாம். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்கல்ல, ஸ்கூல்ல வேலைன்னா எடுப்பா இருக்கும்லா. நீ ஒண்ணும் நெனச்சுக்காதே."

"நான் என்ன நெனைக்கணும்கிறதையும் ஒங்க அண்ணியே சொல்லியனுப்பிச்சுட்டாங்களா?"

ஸ்டெல்லா பிலோமினாவின் மகள். வெந்நீர் வைத்தால் அதையும் தீய்த்துவிடுகிற பெண்.

"கத்தாதே லூர்து. என் வேலையே அண்ணன் போட்டுக் கொடுத்தது. அங்க வந்து நீ ஏதாவது ஒளறி வெச்சா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஆபீஸ் போறது? இந்தா, மாதா படத்துக்கு முன்னால சொல்லு. வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

அவள் மாதா படத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். 

"வந்து நானா எதையும் பேச ஆரம்பிக்க மாட்டேன். போதுமா?" என்றாள்.

வாயைத்தானே கட்டினான், கையைக் கட்டவில்லையே என்று மறுநாள் காலையில் அவளுக்குத் தோன்றியது. தேக்கா சந்தைப் பக்கம் போய், விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றைப் புதிதாக வாங்கினாள். சீஸ் பையை வேறு தட்டுக்கு மாற்ற முடியாது. எடுத்தால் உடைந்துவிடும். செய்த தட்டிலேயேதான் பரிமாற வேண்டும். தட்டைக் கொண்டுபோய்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் சேக் தாவூதின் முன் வைத்தாள்.

"வெளிப்பக்கம் விளிம்புல வெட்டிரலாமா தங்கச்சி?" என்று கேட்டார் அவர், உளியைத் துடைத்தபடி.

"உள்ள. நட்ட நடுவுல."

சேக் தாவூது உளியைக் கீழே வைத்துவிட்டார். "உள்ளயா? முப்பது வருசமா வெட்டுறேன், உள்ள வெட்டச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்ல. சோத்துல மறைஞ்சிருமேம்மா. பாத்திரம் மாறிப்போனா எப்படிக் கண்டுபிடிப்பே?"

"பாத்திரம் மாறுனா மாறிட்டுப் போகுது பாய். பெருசா வெட்டுங்க. கண்ணாடி இல்லாமப் படிக்கணும். இங்கிலீஷ்ல வெட்ட வருமா?"

"நமக்குத் தமிழ்தான் வரும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். விருந்தில் இருபது தமிழ் ஆட்கள் இருப்பார்கள். ஒருத்தர்கூடவா படித்துச் சொல்ல மாட்டார்கள்? "வெட்டுங்க," என்றாள். லூர்தம்மாள் என்ற பெயர் புள்ளி புள்ளியாகத் தட்டின் நடுவில் எழுந்தது.

அந்தத் தட்டில்தான் இப்போது பிஸ்கட் தூளை வெண்ணெயோடு பிசைந்து அழுத்தினாள். பெயர் மறைந்தது. தொங்கவிட்டிருந்த தயிரைப் பிழிந்து, முட்டையும் சீனியும் எலுமிச்சைத் தோல் சீவலும் சேர்த்து, கட்டியில்லாமல் அடித்து ஊற்றினாள். கோபத்தில் அடித்தாலும் கை தப்பவில்லை. கீழே கரி, மேலே தகரத்தில் கரி போட்டு, ஓரம் வெந்து நடுவில் லேசாக ஆடும் பதத்தில் இறக்கினாள். முந்திரியை உடைத்து, காய்ச்சிய குலா மலாக்கா வெல்லப் பாகில் புரட்டி, மேலே நெருக்கமாகப் பரப்பினாள். ஆறியதும் முந்திரி கண்ணாடி மாதிரி மின்னியது. இவ்வளவு நன்றாக அவளுக்கு இதுவரை வந்ததில்லை. அதை நினைக்க இன்னும் கோபம் வந்தது.

பஸ்ஸில் பாசிர் பாஞ்சாங் வரை தட்டை மடியில் வைத்துக்கொண்டே போனாள். இன்னாசி வழிநெடுக, "சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

பிலோமினா வழக்கம்போல வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். அடுப்படியில் அதைத் தட்டிலிருந்து பெயர்க்கப் பார்த்துக் கத்தி உரசுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு வேறு வழியில்லாமல், எவர்சில்வர் தட்டையே பீங்கான் தட்டின் மேல் வைத்து, சுற்றிலும் லேஸ் துணி செருகிக் கொண்டுவந்தாள். சாப்பாடு முடிந்து மேசை நடுவில் அதை வைத்தபோது, "எங்க ஸ்டெல்லா காலையிலேயே எழுந்து செஞ்சா, மிஸ்," என்று இங்கிலீஷில் சொன்னாள். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

மிஸ் டொய்ல் நரைத்த தலை, மெலிந்த உடம்பு, கறாரான கண் கொண்ட வெள்ளைக்காரி. ஒரு துண்டு தின்றார். பேசாமல் இன்னொரு துண்டு எடுத்தார். அப்புறம் ஸ்டெல்லாவிடம், இந்தச் சீஸ் எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

"கடையில, மிஸ்," என்றாள் ஸ்டெல்லா.

"எந்தக் கடை?"

ஸ்டெல்லா அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "இன்னொரு துண்டு எடுத்துக்கங்க மிஸ்," என்றாள். லூர்தம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். துண்டுகள் குறையக் குறைய அவள் கண் தட்டின் நடுவை விட்டு நகரவில்லை.

கடைசித் துண்டை எடுத்ததும் தட்டின் நடுவில் பெயர் தெரிந்தது. பிஸ்கட் தூள் புள்ளிகளில் அப்பி, எழுத்துகள் பழுப்பாக, பெரிதாக நின்றன. மேசையைச் சுற்றியிருந்த எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் படித்தார்கள். அந்தோனிப்பிள்ளை கூரையைப் பார்த்தார். மற்றவர்களுக்குத் திடீரென்று தண்ணீர் தாகம் வந்துவிட்டது. இருபது பேரில் ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

"இது என்ன எழுத்து?" என்றார் மிஸ் டொய்ல்.

"தட்டு வாங்குன கடைப் பேரு, மிஸ்," என்றாள் பிலோமினா.

மிஸ் டொய்லுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த இன்னாசியிடம் தட்டைத் திருப்பினார். "அப்படியா? நீங்கள் படியுங்கள்."

இன்னாசி தட்டைப் பார்த்தான். பத்து வருஷமாக அவன் கூப்பிடுகிற பெயர் அது. ஒருதரம் அண்ணனைப் பார்த்தான்.

"எஸ் மிஸ்," என்றான். "கடைப் பேருதான்."

லூர்தம்மாளுக்குப் பிலோமினா மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. எழுந்து போய் மேசை மேலிருந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். இன்னாசி அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"நானா ஆரம்பிக்க மாட்டேன்னுதான் சொன்னேன்," என்று அவனிடம் சொன்னாள். "நீங்க ஆரம்பிச்சுட்டீங்க."

பிறகு மிஸ் டொய்லின் முன் தட்டை நீட்டி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். "லூர்தம்மாள். மை நேம், மிஸ். ஐ மேக்."

"தட்டு அவளோடது மிஸ், அவகிட்ட எரவல் வாங்கினோம்," என்று பிலோமினா குறுக்கே பாய்ந்தாள். கடைத் தட்டு ஒரே நிமிஷத்தில் இரவல் தட்டாகிவிட்டது.

"எரவல் கொடுக்கிறவ வெளிய வெட்டுவா, அக்கா," என்றாள் லூர்தம்மாள். "தட்டு திரும்பி வரணும்னு வெட்டுறது அது. இது தின்னவங்க படிக்கணும்னு வெட்டுனது. ஸ்டெல்லா, நீ சொல்லு. தயிரை எவ்வளவு நேரம் துணியில தொங்கவிட்டே?"

"தயிரா?" என்றாள் ஸ்டெல்லா. "இதுல தயிரா இருக்கு, சித்தி?"

மிஸ் டொய்லுக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது, போதும். லூர்தம்மாள் தனக்குத் தெரிந்த அடுப்படி இங்கிலீஷில் பாலிலிருந்து முந்திரி வரை சொன்னாள். மிஸ் டொய்ல் நடுநடுவே இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். "ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் வேலைக்கு என்னை வந்து பார்," என்று சொல்லி எழுந்துகொண்டார் மிஸ் டொய்ல். போகும்போது பிலோமினாவுக்குக் கை கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இன்னாசி, "நடந்தது நடந்துபோச்சு, வேலைதான் கெடச்சிருச்சே, விடு," என்றான். லூர்தம்மாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தாள். விடுவதாம்! வேலையை மிஸ் டொய்ல் கொடுத்தார். இவன் கொடுத்தது என்ன?

மறுநாள் காலையில் சேக் தாவூது கடையைத் திறக்கும்போதே அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் இன்னாசி தினமும் சாப்பிடுகிற தட்டு இருந்தது.

"இதுவும் உள்ளயா?" என்றார் அவர்.

"உள்ளதான் பாய். அதே பேரு. அதைவிடப் பெருசா."

மத்தியானம் மீன்குழம்பும் சோறும் போட்டாள். இன்னாசி குனிந்து தின்றுகொண்டே வந்தான். சோறு ஒதுங்கிய இடத்தில் ஓர் எழுத்து தெரிந்தது. அடுத்த கவளத்தில் இன்னும் இரண்டு தெரிந்தன. அவன் கை நின்றது.

"என்னா இது?"

"படிங்க."

 "லூர்தம்மாள்," என்றான், தலை நிமிராமல்.

"கடைப் பேரா?"

"இல்ல."

"நாளைக்கும் இதே தட்டுதான்," என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கரண்டிச் சோற்றைப் போட்டாள்.