உலர்ந்த காற்று

ஜூலை மாதத்து மதியம் இரண்டு மணி, தாராவியில் அடைமழை. கரீம் பாட்சாவின் பிளாஸ்டிக் பை அச்சடிக்கும் பட்டறையில், ஓடும் பிளாஸ்டிக் சுருளின் பரப்பில் தேங்கும் நிலைமின்சாரத்தை அளந்துகொண்டிருந்தாள் ஷ்ருதி. செம்பூர் இன்ஜினியர், நஜ்முன்னிசா கூட்டி வந்தவள். மீட்டரில் எண் ஏறவில்லை.

"பாத்தியா? பொறி பறக்க கரண்டே இல்ல. ஜனவரியில மை தீப்பிடிச்சது ஒம் புருஷன் பீடியாலதான்," என்றார் கரீம், தம்பி மனைவி நஜ்முன்னிசாவிடம். அந்தத் தீயில் கை வெந்த தம்பி வாசிமை அவர் அன்றே வேலையிலிருந்து விரட்டியிருந்தார்.

"அவுக பீடியே தொடமாட்டாக, மச்சான்."

"மழையில காத்து ஈரமா இருக்கு, சார்ஜ் நிக்காது," என்றாள் ஷ்ருதி. "காஞ்ச காத்துல பாக்கணும்."

"அப்ப ஜனவரிக்கு வாங்க மேடம். சலோ, இடத்தக் காலி பண்ணுங்க."

நஜ்முன்னிசா ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு அவருடைய ஏசி அறைக்குள் போனாள். காலையிலிருந்து ஓடிய ஏசியில் அங்கே காற்று உலர்ந்திருந்தது. சுருளை வேகமாக உருவினாள். பிளாஸ்டிக் அவள் முக்காட்டில் போய் ஒட்டிக்கொண்டது. கூடவே வந்த ஷ்ருதியின் மீட்டர் இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டியது.

பின்னாலேயே வந்த கரீம் ஏசியை அணைத்தார்.

"ஏன் மச்சான் அணைச்சீக? மேடம் இன்னும் அளந்து முடிக்கலியே?"