மொக்கையன் முதுகு கொடுத்த நாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது என் கதையாகத்தான் இருந்திருக்க வேண்டும். எண்பத்தொன்றில், மதுரை கீழவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த ஜிம்முக்கு முதல் நாள் போனபோது எனக்கு உள்ளே நுழையவே பயமாக இருந்தது. அதை எழுத உட்கார்ந்து, ‘ஒல்லியான வாலிபன் ஒருவன் சட்டையைக் கழற்றத் தயங்கி’ என்று

நிறுத்திவிட்டேன். அதே சாயங்காலம் அங்கே வந்த இன்னொரு ஆள் நினைவுக்கு வந்துவிட்டார். அவர் முன்னால் என் பயமெல்லாம் ஜுஜுபி.

(அவர் பெயரும் ஊர்க்கதையும் எனக்குத் தெரியாது. மொக்கையன் என்று பெயர் வைத்து, மிச்சத்தை இட்டுக்கட்டியிருக்கிறேன். கதை வசதிக்காக இனி ‘அவன்’.)

2

மொக்கையன் கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவன். நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கிப் பதினாறு வருஷம் மாடிப்படி ஏறியவன். ஒருநாள் அடுக்கு சரிந்து இடது கை முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கை முருங்கைக்காய் மாதிரி இருந்தது. எலும்பு கூடிவிட்டது, பயிற்சி செய்தால்தான் பலம் வரும் என்றார் டாக்டர்.

“பொங்கலுக்குள்ள தேறி வாடா. இல்லேன்னா ஒன் எடத்துல வேற ஆளப் போட்ருவேன்” என்றார் மேஸ்திரி. பொங்கலுக்கு இரண்டே மாதம் இருந்தது.

மூன்று சாயங்காலம் ஜிம் வாசல்வரை வந்து திரும்பினான். [ஏன் என்று ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன்.] காரணம் சின்னது. சட்டையைக் கழற்றினால் கை தெரியும். பெண்டாட்டியிடமே முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த கை அது.

“தெனமும் எங்கிட்டுப் போய்ட்டு வாரீக?” என்று கேட்டாள் செல்லத்தாய்.

“கைக்கு வைத்தியம்.”

“நல்ல வைத்தியம்தான். போன சுருக்குல வந்துர்றீக!”

3

நாலாம் நாள் உள்ளே போய்விட்டான். எப்படிப் போனான் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஜிம் நடத்திய பீர் முகமது அவன் தோளைப் பார்த்து ஏமாந்துவிட்டார். தரையில் பிளேட் மாட்டிக் கிடந்த இரும்பு ராடைக் காட்டி, “பழகுன ஆளு மாதிரி இருக்கீக. எடுங்க மாப்ள, பாப்பம்” என்றார்.

மொக்கையன் ராடுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். குனிந்தான். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, “தூக்கி விடுங்கண்ணே” என்றான்.*

* மூட்டைக்காரர் யாரும் பாரத்தைத் தரையிலிருந்து தானே எடுப்பதில்லை. முதுகைக் கொடுப்பார். இரண்டு பேர் தூக்கி வைப்பார்கள். சுமப்பதுதான் அவர் வேலை.

ஜிம்மே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

[ஒரு வரைவில் அவனை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நானாக இருந்தால் ஓடியிருப்பேன்.]

அவன் ஓடவில்லை. நிமிர்ந்தான். “தப்பாப் போச்சாண்ணே? அப்ப எப்பிடின்னு சொல்லிக் குடுங்க” என்றான். சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தானைக் கழற்றினான். ஒன்று விடாமல் எல்லாப் பொத்தானையும் கழற்றினான். கையைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

பீர் முகமது இருப்பதிலேயே சின்ன தம்பிள்ஸை எடுத்துக் கொடுத்து அவனைக் கண்ணாடி முன் நிறுத்தினார்.

4

இங்கே நான் மெதுவாக எழுத வேண்டும்.

பாரத்தின் கீழே இருக்கிறவன் பார்ப்பது தன் கால் விரலையும் அடுத்த படியையும்தான். பதினாறு வருஷத்தில் மொக்கையன், சுமக்கிற தன் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தம்பிள்ஸைப் பிடித்த இடது கை அங்குலம் அங்குலமாக ஏறியது. அவன் கையைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் நெற்றி நரம்பு புடைத்து, உதடு இறுகி, கண் விரிந்த ஒரு முகம் இருந்தது. அதையே பார்த்தான்.

“அண்ணே... சொமக்கையில எம் மூஞ்சி இப்பிடியா இருக்கும்?”

“எப்பிடி இருக்கு?”

“சாமி வந்த மாதிரில்ல இருக்கு!”

எனக்கு மெய் சிலிர்த்தது. எழுதும்போதும் சிலிர்க்கிறது.

5

முடிவு ஒன்று: கை தேறுகிறது, மேஸ்திரி இடம் கொடுக்கிறார். மொக்கையன் மறுபடி குனிகிறான், அந்த முகம் மறுபடி தரையைப் பார்க்கிறது. முடிவு இரண்டு: கை தேறவில்லை. அவன் இடத்தில் வேறு ஆள், செல்லத்தாய் வீட்டில் அடுப்பு

இரண்டையும் கிழித்துவிட்டேன். நிஜத்தில் என்ன ஆனது என்று தெரியாது. மூன்றே நாளில் ஜிம்முக்கு முழுக்குப் போட்ட சூரன் நான்.

ஆகவே பொங்கலை உங்கள் கையில் விடுகிறேன். இடம் கிடைக்குமா, கிடைக்காதா, நீங்களே தீர்மானியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேஸ்திரியிடம் அனுப்புவதற்கு முன்னால், அவனை இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடி முன் நிற்க விடுங்கள்.