புஷ்பபாயின் கெளுத்திகளும் பச்சை எண்ணெயும்

புஷ்பபாயின் குளத்தை மூடச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கருணாகரன் சார். செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளத்தில் அவள் கெளுத்தி மீன் வளர்த்தாள். தவிட்டிலும் பிண்ணாக்கிலும் சாளைமீன் எண்ணெய் ஊற்றி அவள் தீனி உருட்டும்போது சாருக்குக் காலைக் காப்பிகூட மீனாக நாறுகிறதாம். சார் வீட்டு அடுப்பில் தினமும் சாளை பொரிகிறது. அது வேறு மணம் போலும்.

மெம்பர் கிருஷ்ணன்குட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை வந்து மோந்து பார்ப்பார், மீனெண்ணெய் வாடை இருந்தால் குளத்தை இறைத்துவிட வேண்டியதுதான். மீன்களோ அப்போது விரல் நீளம். அந்த அளவில் யாரும் வாங்க மாட்டார்கள்.

புஷ்பபாய் தேங்காயெண்ணெய்க்கு மாறினாள். தீனியைக் கடவத்தில், அதாவது ஓலைப் பெட்டியில், வைத்துக் கயிறு கட்டிக் குளத்துக்குள் இறக்குவது அவள் வழக்கம். தூக்கிப் பார்த்தால் உருண்டைகள் வைத்தபடியே இருந்தன. பட்டினி கிடந்தால் கெளுத்தி கெளுத்தியையே கடிக்கும். சனிக்கிழமை மதியம் வாலில்லாத குஞ்சுகள் கரையோரம் மிதந்தன. இந்தப் பக்கத்து வீட்டுக்காரியான நான் மதிலோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அன்று துணி கொஞ்சம் அதிகம்.

“ஏட்டி, ஒரு கரண்டி சாளையெண்ணெ ஊத்துனா மெம்பருக்கு என்ன தெரியப்போவுது?” என்றான் அவள் கணவன் ராஜதாஸ்.

“மெம்பருக்குத் தெரியாது. சாருக்குத் தெரியுமாக்கும். அவரு மூக்கு ராத்திரியும் பகலும் இஞ்சதானே கெடக்கு.”

எனக்குப் பொறுக்கவில்லை. போய் ஓர் உருண்டையை எடுத்து மோந்தேன். கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி.

“ஏட்டி புஷ்பம், இது தலைக்குத் தேய்க்கிற காய்ச்சின எண்ணெயில்லா?”

அவள் கணவனைப் பார்த்தாள்.

“நீ எண்ணெ கேட்டப்போ எடுத்துத் தந்தது குளிமுறியில இருந்த குப்பியாக்கும். பச்சையா இருந்துது. நல்ல எண்ணெயின்னு நெனச்சேன்” என்றான் ராஜதாஸ்.

“மீனுக்கு முடி வளரட்டும்னா?” என்றாள் புஷ்பபாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் செக்கில் வாங்கிய வெறும் தேங்காயெண்ணெயில் உருட்டிக் கடவத்தை இறக்கினாள். அதற்குள் மெம்பர் வந்துவிட்டார், பின்னால் சார். மெம்பர் குனிந்து தீனிச் சட்டியை மோந்தார்.

“இது தேங்காயெண்ணெ தன்னே, சாரே.”

புஷ்பபாய்க்கு அது காதில் விழவில்லை. கயிறு அசையாமல் நின்றது. இதையும் தின்னாவிட்டால் குளத்தை இறைக்க மெம்பர் தேவையில்லை; மீன்களே ஒன்றையொன்று தின்று முடித்துவிடும்.

கயிறு ஒருமுறை இழுத்தது. பிறகு விடாமல் இழுத்தது. அவள் தூக்கியபோது கடவத்தில் தவிட்டுச் சேறு மட்டும் ஒட்டியிருந்தது.

வாடை வருகிறது என்று சார் ஏதோ சொன்னார். அவள் அங்கேயே குந்தி அடுத்த உருண்டைகளைப் பிடித்தாள். அவசரத்தில் ஒன்றுகூட உருண்டையாக வரவில்லை. கீழே குளத்தில் காத்திருந்தவர்கள் வடிவத்தையெல்லாம் பார்க்கவில்லை.