ட்ரம்பெட்காரரின் முன்பல்

பல் டாக்டர் ஜாஸ் நாடகம் போட்ட கதையை இப்போது கேட்டால் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஜாஸ் என்ற அந்த மேற்கத்திய இசை பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், நோயாளிகளின் பயம் தெளியட்டும் என்று கிளினிக்கில் ஓடவிட்ட ஒலிப்பதிவு ஒன்றுதான். பத்து வருடம் அதையே கேட்டதில் தனக்குள் ஒரு கலைஞன் இருப்பதாகக் கண்டுபிடித்துவிட்டார். மூடப்போகும் ஓட்டல், அங்கே ஒரு வாத்தியக் குழுவின் கடைசி நாள். இதுதான் கதை. ஐந்தே பேர் கொண்ட நாடகக் குழுவிடம் அவர் நீட்டிய பிரதியில், முக்கியமான இடத்திலெல்லாம் ‘இங்கே தோன்றியதை நான்கு நிமிடம் பேசவும் அல்லது வாசிக்கவும்’ என்று இருந்தது.

“எழுத வரலேன்னா சொல்லிடுங்க டாக்டர், நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்” என்றார் டிரம்ஸ் வாசிக்கும் தையல்கார அம்மா.

“இது ஜாஸ்ங்க. ஒருத்தர் கேப்பார், அடுத்தவர் அந்த நிமிஷமே பதில் சொல்லணும். எழுதி வெச்சா செத்துடும்.”

சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு நல்ல பெயர் கிடைக்கும் என்று டாக்டரே எதிர்பார்க்கவில்லை.

குழுவில் உருப்படியாக வாசிக்கத் தெரிந்தவர் லிப்ட் மெக்கானிக் ஒருவர்தான். அவர் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். நாடகத்தின் ஓட்டைகளையெல்லாம் அந்த வாசிப்பால் அடைத்துவிடலாம் என்பது டாக்டரின் கணக்கு.

நாடகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மெக்கானிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல்வரிசை முன்பல், வேர்வரை விரிசல், அடியில் சீழ். உடனே பிடுங்க வேண்டியது. உதட்டை முன்பல்லில் அழுத்தி ஊத வேண்டிய வாத்தியம்; பிடுங்கினால் ட்ரம்பெட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

“பயமில்ல. மாத்திரை தரேன், பத்து நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்.”

“பத்து நாளா?”

“பல்லு அவசரப்படாது.”

அப்படியொரு மருத்துவ உண்மை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது சொன்ன வாய்க்கே தெரியும்.

ஆறாம் நாள் வீக்கம் கண்வரை ஏறிவிட்டது. மெக்கானிக் மறுபடி வந்தபோது டாக்டர் ஒத்திகையில் இருந்தார். கிளினிக்கில் இருந்தவர் அவர் மனைவி. அவரும் பல் டாக்டர்தான், கைராசிக்காரர் என்று பெயர். எக்ஸ்ரேயை ஒருமுறை பார்த்தார், கணவர் எழுதிய மருந்துச் சீட்டை இரண்டுமுறை பார்த்தார், பல்லைப் பிடுங்கிவிட்டார்.

வீடு திரும்பிய கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “இந்தச் சீட்டை எழுதினது டாக்டரா, நாடகக்காரரா?”

அவர் செருப்பைக் கழற்றுவதில் மிகுந்த கவனம் செலுத்தினார்.

நாடகத்துக்கு எழுபது பேர் வந்தார்கள். பாதிப் பேர் அவருடைய நோயாளிகள். வாய்க்குள் கருவி இருக்கும்போது கூப்பிட்டால் யாரால் மறுக்க முடியும்? டாக்டருக்கு ஓட்டல் மேனேஜர் வேடம். “கடைசியா ஒண்ணு வாசிங்க” என்று அவர் சொன்னதும் பிரதிப்படி ட்ரம்பெட் ஒலிக்க வேண்டும். பல் போய்விட்டதால் அந்த நான்கு நிமிடமும் மெக்கானிக் தோன்றியதைப் பேசுவதாக ஏற்பாடு.

மெக்கானிக் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டார். “முடியாது மேனேஜர் சார். பல்லு போச்சு.” வாயைத் திறந்து காட்டினார். கூட்டம் சிரித்தது. “போனதுல வருத்தமில்ல. ஆறு நாள் வலியில கெடந்தேன். டாக்டர் என்னதான் சொன்னார்னு வீட்ல கேட்டாங்க. பல்லு அவசரப்படாதாம்னு சொன்னேன். நான் நம்பினேன் சார்.”

சிரிப்பு நின்றது. தையல்கார அம்மா மெல்லத் தாளம் தட்டியபடி டாக்டரைப் பார்த்தார். பதில் சொல்வது இப்போது டாக்டரின் முறை. அவர் மேனேஜர் கோட்டைக் கழற்றினார்.

“தெரிஞ்சேதான் சொன்னேன்” என்றார். “நீங்க வாசிக்கலேன்னா என் நாடகத்துல ஒண்ணுமே இல்ல.”

மெக்கானிக் யோசித்தார். “அது உண்மைதான்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலில் கைதட்டியது டாக்டரின் மனைவி. அதற்குப் பிறகு வந்த முக்கால் மணி நேரத்தில் ஒருவரும் தட்டவில்லை.

முடிந்ததும் டாக்டர் மெக்கானிக்கைத் தேடிப் போனார்.

“அதான் மேடையிலயே ஒத்துக்கிட்டீங்களே” என்றார் மெக்கானிக்.

“ஒத்துக்கிட்டேன். மன்னிப்புக் கேக்கல. கேக்கறேன்.”

“சரி டாக்டர். ஆனா புதுப்பல்லு டாக்டரம்மாதான் கட்டணும்.”

அந்த வாரம் கிளினிக்குக்கு வந்தவர்களில் ஏழு பேர் “அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார்கள். டாக்டர் மறுபேச்சில்லாமல் அவர்களை மனைவியின் அறைக்கு அனுப்பிவிட்டு, பல் சுத்தம் செய்ய வந்தவர்களை மட்டும் பார்த்துக்கொண்டார்.