இடது பக்கம் திரும்பிய முகங்கள்

எங்கள் விடுதி ஒரு காலத்தில் துறவிகள் மடமாக இருந்தது. தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், வெந்நீர் தனக்குத் தோன்றினால்தான் வரும், குனியாதவர் நெற்றியை வாசல்நிலை பதம் பார்க்கும். இதற்காகவே நகரத்து ஆட்கள் மாதக்கணக்கில் காத்திருந்து அறை பிடிக்கிறார்கள். பகலெல்லாம் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேடுகளில் நடந்துவிட்டு, மாலையில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே "பழமைன்னா இதுதான்" என்று பூரித்துப்போவார்கள்.

முன்னால் வரைபடத்தோடு வழிநடத்துவது ஹில்டா. கடைசி ஆளாக வருவது நான், நார்மன். யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வதும், தாண்டி வந்த ஆட்டுப்பட்டிக் கதவுகளை மூடுவதும் என் வேலை. அன்று இன்னொரு வேலையும் தலையில் விழுந்தது. விடுதி நடத்தும் பிலிப்பா காலையில் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னாள்.

"ஹில்டாவுக்கு எழுபத்திமூணு ஆச்சு. போன வாரம் எல்லாரையும் காளைய அவுத்து விட்டிருந்த வயலுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு எப்படி நடத்துறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க. சரியில்லன்னா இந்த சீசனோட நிறுத்திடலாம்."

"நானா சொல்லணும்?"

"பின்னால இருந்து பாக்குறது நீங்கதானே?"

ஹில்டாவுக்கு இந்த நடையை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது. கணவர் இல்லை, நாயும் இல்லை. எங்கள் பக்கத்தில் நாய் இல்லாததைத்தான் பெரிய குறையாகப் பேசுவார்கள்.

அன்றைய நடையே ஆற்றோரத்து டீக்கடைக்காகத்தான். சூடான ஸ்கோன் ரொட்டி, ஜாம், கெட்டிப் பாலேடு என்று விருந்தினர் ஏழு பேரும் காலையிலிருந்து அதே பேச்சு. சர்ச்சுக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆற்றுக்குப் போக இடது பக்கம் என்று கம்பத்தில் அம்புக்குறி இருந்தது. ஹில்டா வரைபடத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார், கையை நீட்டித் தள்ளி வைத்தும் பார்த்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

ஏழு பேரோடு நானும் அம்புக்குறியைப் பார்த்தேன். எட்டு முகமும் இடது பக்கம் திரும்பியது. ஹில்டா வலது பக்கம் ஏறினார். அப்புறம் எட்டுப் பேரும் வலது பக்கம் நடந்தோம்.

"இந்தப் பக்கம் காத்து நல்லா இருக்கு" என்றார் ரோலண்ட். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வலிக்காது என்று வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய மனுஷன்.

"மேடு ஏறினா நல்லாப் பசிக்கும்" என்றார் ஆட்ரி. தலைமையாசிரியையாக இருந்து ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அதட்டியவர். அவருக்கே நாக்கு எழவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? நான் ஒருமுறை இருமினேன். எங்கள் ஊரில் அதுவே பலத்த எச்சரிக்கை.

மழை பிடித்துக்கொண்டது. மேட்டின் மேலிருந்து டீக்கடை தெரிந்தது. கடைக்காரி வெளியே வைத்திருந்த ‘திறந்திருக்கிறது’ பலகையை உள்ளே எடுத்துப்போனாள்.

"தூரத்துலேர்ந்து பாத்தா கடை இன்னும் அழகா இருக்கு" என்றார் ரோலண்ட். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மேட்டைச் சுற்றி இறங்கினால் மறுபடி சர்ச். அதே கம்பம், அதே அம்புக்குறி.

"இந்தப் பக்கத்து சர்ச்செல்லாம் எவ்வளவு ஒரே மாதிரி கட்டியிருக்காங்க!" என்றார் ஆட்ரி.

ஹில்டா சர்ச்சின் சுற்றுச்சுவரில் உட்கார்ந்தார். "இது அதே சர்ச்தான், ஆட்ரி."

ரோலண்ட் நனைந்துபோன பிஸ்கட்டை நீட்டினார்.

"சின்ன எழுத்து எனக்கு வசந்தத்துலேர்ந்தே தெரியல" என்றார் ஹில்டா. "காலையில பிலிப்பா உன்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு, நார்மன். ஜன்னல் தொறந்துதான் இருந்தது."

"ஹில்டா, நான் வந்து..."

"என் கண்ணு போனா என்ன, பின்னால இத்தனை பேர் கண்ணு இருக்கேன்னு நெனச்சேன். தப்பாப் போனா யாராவது சொல்வீங்க, அத வச்சு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடலாம்னு. சொல்றீங்களான்னு பாக்கத்தான் வலது பக்கம் திரும்பினேன்."

"இடது பக்கம்னு தெரிஞ்சேவா?"

"உங்க எல்லார் மூஞ்சியும் அந்தப் பக்கம் திரும்புச்சே. எழுத்துதான் தெரியாது, மூஞ்சி நல்லாத் தெரியும்."

"நான் இருமினேன்" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஏதாவது வருமான்னு மேடு முழுக்கக் காத்திருந்தேன்."

வரைபடத்தை மடித்து என் கையில் வைத்தார். "பிலிப்பாகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கறேன்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். போகாதீங்க ஹில்டா, இனிமே வாயைத் திறந்து சொல்றோம் என்று.

"ரொம்ப நன்றி ஹில்டா" என்றேன். "அருமையான நடை."

"அருமை" என்றார் ரோலண்ட்.

"ரொம்ப அருமை" என்றார் ஆட்ரி.

நான் முன்னால் போய் இடது பக்கம் திரும்பினேன். எல்லோரும் கடந்து போகும்வரை ஹில்டா நின்றிருந்துவிட்டு, கடைசி ஆளாக வந்து ஆட்டுப்பட்டிக் கதவை மூடினார்.