விற்க வந்தவள்

கெய்ரோ அருங்காட்சியகத்தின் மூன்றாவது கூடத்தில் இன்ஷிரா அந்த ஓவியத்தின் முன் நின்று, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவரும் கதையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் கப்பலேறி வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் வரைந்தது. செம்புப் பாத்திரக் கடை. தராசைத் தூக்கிப் பிடித்திருக்கும் கிழ வியாபாரி. எதிரே முக்காடு போட்ட ஒரு பெண். அவள் காலடியில் பாதி அவிழ்ந்த கறுப்பு மூட்டை நிறையப் பாத்திரங்கள்.

"மக கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வந்திருக்காங்க. பேரம் படியல. கிழவர் மூஞ்சியப் பாருங்க, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். தான்தா ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பருத்த அம்மாள் மட்டும் படத்துக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ பொண்ணக் கட்டிக்குடுத்ததில்லையா? சீர்ச் சாமான எவளாவது மூட்டை கட்டுவாளா? ஊரே பாக்கட்டும்னு திறந்த வண்டியில ஏத்தி, குலவை போட்டுல்ல கொண்டுபோவோம்? புதுப் பாத்திரம் நாலு பேரு கண்ணுல படணும். இவ மறைச்சுக் கொண்டாந்திருக்கா. விக்க வந்தவ இவ."

அம்மாள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். இன்ஷிரா அந்தக் கறுப்பு மூட்டையையே பார்த்தாள். அவள் மகள் ரீம் காய்ச்சலில் இறந்து, நாற்பதாம் நாள் முடிந்தது நேற்று. கல்யாணத்துக்கென்று இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த பாத்திரங்களை, அக்கம்பக்கத்தார் கண்ணில் படக் கூடாதென்று, காலையில் அவள்தான் கறுப்புத் துணியில் கட்டினாள். பழைய சாமான்காரன் வந்தால் கொடுத்துவிடும்படி கணவரிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்கு வந்திருந்தாள். கண்ணில் படாமல் போய்விட்டால் மனது ஆறிவிடும் என்று நம்பியிருந்தாள். என்ன பைத்தியக்காரத்தனம். ஒரு கரண்டியையாவது வைத்துக்கொண்டிருக்கலாம்.

கூட்டத்தை விட்டு ஒதுங்கிப்போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ராகிப், குடுக்காதீங்க."

"இப்பத்தான் கீழ எறக்கிட்டுப் போறான். நீதானே சொன்ன?"

"ஓடிப்போய் நிறுத்துங்க. ஒண்ணே ஒண்ணாவது வாங்கி வைங்க."

"நாலு மாடி, இன்ஷிரா. என் முட்டிய வச்சுக்கிட்டு நான் எங்க ஓட?" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. "கூப்பிட்டுப் பாக்குறேன், இரு."

ஜன்னல் திறக்கும் சத்தம். அவர் சாமான்காரனைக் கத்திக் கூப்பிட்டார், இருமினார், மறுபடி கூப்பிட்டார். தெரு இரைச்சலில் அது எடுபடவில்லை. இன்ஷிரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "பழைய சாமான், பழைய சாமான்" என்று கூவிக்கொண்டே வண்டிக்காரன் போகிறான். ஒருநாளும் அடுப்பேறாத பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பின.