இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை

"மூணு வயசு ஆகப் போகுது! இன்னும் குருவிக்குஞ்சு மாதிரி வாயைப் பிளந்துக்கிட்டு உக்காந்திருக்கான். யாருங்க இதுக்குப் பொறுப்பு?"

"என்னைக் கேட்டா? பெத்தவ நீ."

"வளக்குறது நீங்கதானே அண்ணி!"

"ஆமாம்மா, வளத்தது குத்தம். தொட்டில்லயே போட்டுட்டுப் போயிருக்கணும்."

"அக்கா, கொஞ்சம் மெதுவா... கீழ கேக்குது."

கீழே கேட்கத்தான் செய்தது. இரண்டாம் மாடியில் குரல் ஏறியதும் கீழ் வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். நாடகம் நாளைக்கும் வரும், இது வராது.

மெதுவாகப் பேசச் சொன்னவன் தம்பி, லிப்ட் மெக்கானிக். ஊரில் யார் நடுமாடியில் மாட்டிக்கொண்டாலும் ஓடிப்போய் இறக்கிவிடுவான். சொந்த வீட்டில் அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவன் மாட்டிக்கொண்டால் இறக்கிவிட ஆளில்லை. பெண்டாட்டி ஆயத்த ஆடை ஆலையில் தரம் பார்க்கிறவளாக இருந்தவள். கண் எதிரே ஓடுகிற சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தாலும் எட்டிப் பிடித்து ஓரமாக எறிவாள். பிள்ளைப்பேற்றுக்கு நின்றவளை ஆலை மறுபடி கூப்பிட்டிருந்தது. மாதம் முடிவதற்குள் வந்தால் பழைய இடம், இல்லாவிட்டால் வேறு ஆள். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டால்தான் போகமுடியும். காப்பகத்து டீச்சரோ, தானாகச் சாப்பிடத் தெரியாத பிள்ளையை வாசலுக்குள்ளேயே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சண்டைக்குக் காரணமானவன் அத்தையின் இடுப்பில் உட்கார்ந்து அவள் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெருவில் வைத்த பெயர் பொட்டலம். தரையில் அவன் நின்று பார்த்தவர்கள் குறைவு. அத்தை கடைக்குப் போனாலும் மாடிக்குத் துணி காயப்போடப் போனாலும் அவனும் கூடவே கட்டிய கட்டாகப் போவான்.

தெருவுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. பொட்டலத்தைக் கட்டியது அத்தைதான், வேண்டுமென்றேதான்.

பிள்ளை பிறந்து, தாய்க்கு உடம்பு தேறாமல் கிடந்தபோது, நகலெடுக்கும் கடையில் பார்த்த வேலையை விட்டு, இருந்த வாடகை அறையையும் காலி செய்துவிட்டு, ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியவள் அவள். கல்யாணம் அவளைக் கேட்டு வரவில்லை. வயதும் நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் அவள் படுக்கும் இடம் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்துத் தரை. பிள்ளைக்குத் தேவைப்படும் வரை அந்தத் தரை அவளுடையது. இதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே புரிகிற அளவுக்கு அவளுக்கு வயதாகியிருந்தது.

பிறகு ஒருநாள், வாய்விட்டுச் சொன்னதே காதில் விழுந்தது. குக்கர் இரைச்சலில் கேட்காது என்று நினைத்துச் சமையலறையில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டார்கள்.

"ஆலைக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் போதும்ங்க. இவன்தான் காப்பகத்துக்குப் போயிடுவானே."

"அக்கா?"

"அவங்களுக்கும் ஓய்வு வேணாமா?"

"எங்க போவா?"

"பாத்துக்கலாம்."

குக்கர் விசில் அடித்தது. அத்தை வராந்தாக் குழாயில் பால்புட்டியைக் கழுவியபடியே நின்றாள். புட்டி எப்போதோ சுத்தமாகிவிட்டது. 'பாத்துக்கலாம்' என்று சொல்லப்பட்ட எதையும் இந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அதன்பின் நடந்ததை நம் தெருவில் சொன்னால் காறித் துப்புவார்கள், துப்பிவிட்டு முழுக்கதையையும் கேட்பார்கள். பிள்ளை கரண்டியைப் பிடிக்கப் பழகியபோது சின்னக் கரண்டி காணாமல் போனது. அது பரணில், பழைய போர்வைக்கு அடியில் இருந்தது. காலில் சுலபமாக நுழையும் செருப்பு சிறிதாகிவிட்டதென்று சொல்லி, வார் மாட்டும் செருப்பாகப் பார்த்து வாங்கிவந்தாள். அந்த வாரைப் பெரியவர்கள் மாட்டவே பல்லைக் கடிக்கவேண்டும். பிள்ளை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தால், "அத்தை இருக்கேன்டா, எதுக்கு ஓடுற?" என்று தூக்கிக்கொள்வாள். அதற்குள் நனைந்துவிடும். தாய் வந்து தலையில் அடித்துக்கொள்வாள். அத்தை தரையைத் துடைப்பாள், முகத்தையும் துடைத்துக்கொள்வாள்.

அவளை மிகவும் பயமுறுத்தியது ஒரு சொல். "நானே!" சட்டைப் பொத்தானில் கை வைத்தால் நானே, கதவைத் திறக்கப் போனால் நானே. அந்த வாய் திறந்தவுடன் அவள் அதில் ஒரு கவளத்தை வைத்து அடைத்தாள்.

ஒருநாள் வராந்தாவில் அவன் வார்ச்செருப்புக்குள் எப்படியோ இரண்டு காலையும் நுழைத்து, வாரையும் மாட்டிவிட்டு, எழுந்து நின்று கைதட்டினான். இடக்கால் செருப்பு வலக்காலில். உலகத்தை வென்ற சிரிப்பு முகத்தில். பார்க்க அவளைத் தவிர யாருமில்லை. அத்தை உட்கார்ந்து இரண்டு வாரையும் கழற்றினாள். மறுபடி அவளே மாட்டிவிட்டாள். பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். மறுநாளிலிருந்து அவளைக் கண்டால் காலை நீட்டினான். மறந்துவிட்டான் என்று நினைத்து அவள் பெருமூச்சு விட்டாள். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

சண்டை நடந்த மறுநாளே டீச்சர் பிள்ளையைப் பார்க்கக் கூப்பிட்டாள். ஆலையில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதாகத் தாய் முன்னால் போக, அத்தைதான் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவன் காதில் ஓதினாள்: "அத்தை ஊட்டுனாத்தான் சாப்பிடணும், என்ன? அத்தைதான் ஊட்டணும்." இன்றைக்கு இவன் தோற்றால் ஆலையில் இடம் போகும், வீடு மாற்றும் பேச்சும் போகும். மாதம் முடிந்தால் அவள் பிழைத்தாள்.

காப்பகம் ஒரு வீட்டின் கீழ்த்தளம். முழங்கால் உயரத்தில் கைகழுவும் தொட்டி, சுவரில் குட்டிக் குட்டிப் பைகள், நீள மேசையைச் சுற்றி எட்டாத காலை ஆட்டிக்கொண்டு பிள்ளைகள். டீச்சர் தட்டில் மசித்த உருளைக்கிழங்கும் பக்கத்தில் ஒரு கரண்டியும் வைத்தாள். பொட்டலம் அத்தையைப் பார்த்தான். கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"நாந்தான் சொன்னேனே டீச்சர், ஊட்டினாத்தான்."

டீச்சர் பிள்ளையையும் பார்த்தாள், அத்தையையும் பார்த்தாள். இந்த மாதிரி எத்தனையோ அத்தைகளைப் பார்த்தவள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்."

"அழுவான்."

"அழட்டும். நானும் இங்கதானே இருக்கேன்."

அத்தை வெளியே வந்து, சுவரோரமாகச் சுற்றிப்போய், சன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். அழுகிறானா என்று பார்க்கத்தான். அழவேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான்.

அவன் அழவில்லை. வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். கரண்டியை எடுத்தான். அழகாக, சிந்தாமல், அள்ளிச் சாப்பிட்டான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். பக்கத்துப் பெண்குழந்தை கரண்டியைக் கீழே போட்டதும் இறங்கிப்போய் எடுத்துக்கொடுத்துவிட்டு, மறுபடி நாற்காலியில் தொற்றி ஏறினான். பழகிய கை. யாரும் பார்க்காத நேரங்களில், கல்யாண வயதிலிருந்த மாடிவீட்டுப் பெண்ணோடு விளையாடும்போது, இவள் குளிக்கும்போது, எல்லாவற்றையும் பழகி முடித்திருந்த கை.

அப்போது அவன் கண் சன்னலுக்கு வந்தது. அத்தை.

கரண்டியை உடனே கீழே வைத்தான். கை இரண்டும் மடிக்குப் போயின. அவளைப் பார்த்து, வாயை அகலமாகத் திறந்தான்.

மறந்துவிட்டான் என்று நினைத்திருந்தாளே! எதையும் மறக்கவில்லை. அத்தைக்கு இது வேண்டும் என்று கண்டுபிடித்து, அவளுக்காக, பேச்சுக்கூட முழுதாக வராத பிள்ளை, இத்தனை நாளும் ஒன்றும் தெரியாதவனாக இருந்து கொடுத்திருக்கிறான்.

அவள் கம்பியை விட்டுவிட்டுச் சன்னலுக்குக் கீழே குந்தினாள். சாக்கடை ஓரம். சேலை நனைந்தது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

டீச்சர் வெளியே வந்தபோது தாயும் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தாள்.

"பாதி சாப்பிட்டான். நடுவுல ஏனோ நிறுத்திட்டான். புது இடம்கிறதால சொல்ல முடியல. வீட்டுல எப்படி? தானா சாப்பிடுவானா? நீங்க சொல்றதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

தாய் அத்தையைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"சாப்பிடுவான் டீச்சர். செருப்பும் போட்டுக்குவான். ஒண்ணுக்கு வந்தா சொல்லுவான். எல்லாம் தெரியும்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் பக்கத்துல இருந்தாத்தான் தெரியாது."

மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்தியபின் தாய் கேட்டாள்.

"ஏன் அண்ணி?"

"அன்னிக்கு அடுப்படியில தம்பி கேட்டானே, 'அக்கா எங்க போவா'ன்னு. நீ என்னம்மா பதில் சொன்ன?"

தாய்க்கு முகம் வெளுத்தது. தையல் எங்கே விட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது, ஆனால் இது ஓரமாக எறிகிற சட்டை இல்லையே. வேலையிலிருந்து வந்திருந்த தம்பி மின்விசிறியையே பார்த்தான், அதைப் பழுதுபார்க்க வந்தவன் மாதிரி. யாராவது 'நீங்களும் வாங்க' என்று சொல்லியிருக்கலாம். புருஷனும் பெண்டாட்டியும் மற்றவர் சொல்வார் என்று காத்திருந்தார்கள். பொட்டலம் மட்டும் கதவோரமாக உட்கார்ந்து, தானே வாரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

மாதம் முடிவதற்குள் அவர்கள் ஆலைக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். மாடிவீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி அவளும் போய்விட்டாள். தெருமுனைக் கடிகாரக் கடைக்காரருக்குப் பெண்டாட்டி செத்து வருஷமாகியிருந்ததால், தெருவே கூடி அத்தையை அவருக்குப் பேசியது. பெண்பார்க்க வந்தவரிடம் அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "வீடு யார் பேர்ல இருக்கு?" மனிதருக்குச் சுருக்கென்றுவிட்டது. வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அந்தப் புதுப்பெண் அதைக் கேட்கவில்லை, வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டாள் என்று பேச்சு.

அத்தை ஒரே ஒரு பையோடு தூரத்து ஊருக்குப் போனாள். அங்கே சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, கைக்கு ஆள் இல்லை. அந்தக் குழந்தை இப்போது தவழ ஆரம்பித்துவிட்டதாம்.